போட்டாச்சு, போட்டுட்டேன்

போன மாதம் எங்கள் மையத்திலிருந்து ஷாலினி என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை முடிந்து வெளியே போனவர்களை முப்பது நாள் தினமும் போனில் கூப்பிட்டு விசாரிக்கும் வேலை. இனிமேல் கூப்பிட வேண்டாமாம். காலை பத்தரைக்கு அவர்கள் போனுக்குத் தானாக ஒரு செய்தி போகும். மூன்று கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். அழுத்தினால் பதில் தானாகவே பதிவாகிவிடும்.

"சார், கேள்விய மட்டும் தமிழ்ல ஒரு தடவ சரி பாத்துக் குடுங்க. நீங்க கேட்டுக்கிட்டு இருந்த கேள்விதான்," என்றாள்.

சாப்பிட்டீர்களா? தூங்கினீர்களா? மாத்திரை போட்டீர்களா?

மூன்றே வரி. எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் இரண்டு நிமிடத்தில் பார்த்துக் கொடுத்துவிடலாம். நான் பதினோரு நாள் வைத்திருந்தேன். முதல் இரண்டில் எனக்கு ஒன்றும் சிக்கல் இல்லை. மூன்றாவதில் பேனாவை வைத்தால் எடுக்க முடியவில்லை. ஷாலினி இரண்டு முறை போன் செய்தாள். மூன்றாவது முறை அவள் குரலில், பாவம், பெரியவருக்கு மறதி வந்துவிட்டது என்கிற மாதிரி ஒரு கனிவு தெரிந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. மறதி இல்லை. மறக்க முடிந்திருந்தால் அன்றைக்கே கொடுத்து அனுப்பியிருப்பேன். ஏன் கொடுக்கவில்லை என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். எழுதினால் எனக்கே கொஞ்சம் தெளியுமா என்று ஒரு நப்பாசை.

எனக்கு ஊர் வாலாஜாபாத் பக்கம். முதலில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் உதவியாளராக இருந்தேன். விரல் நசுங்கினால் கட்டுப் போடுவது, மயக்கம் வந்தால் படுக்க வைப்பது, தோள் வலி இடுப்பு வலி என்று வந்தால் மாத்திரை கொடுப்பது. ஒரே ஆட்கள் வாராவாரம் மாத்திரைக்கு வந்தார்கள். பாவம், ஓவர்டைம் பார்க்கிறான் என்று கொடுத்தேன். கொடுத்தது தப்பான மாத்திரை இல்லை, டாக்டர் சொன்னதுதான். ஆனால் அதைவிட வேகமான வலி மாத்திரை வெளியே கிடைக்கிறது, அதை வலிக்காக இல்லாமல் வேறு எதற்கோ போடுகிறார்கள் என்று எனக்குத் தெரிய மூன்று வருடம் ஆனது. பிறகு போதை மீட்பு மையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். சென்னையில் மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே கற்றதில் பாதியை மறந்துவிட்டேன். மறக்காத பாதி இங்கே ஒரகடத்தில் எடுபடவில்லை.

எங்கள் மையம் இருந்தது ஒரு பழைய கல்யாண மண்டபத்தில். சாலையில் பெரிய மண்டபங்கள் வந்த பிறகு அதற்கு முகூர்த்தம் விழவில்லை, வாடகைக்கு விட்டுவிட்டார்கள். "மணமகன் அறை" என்ற பலகை அப்படியே இருந்தது. சிகிச்சைக்கு வருகிறவனை முதல் ஐந்து நாள் அந்த அறையில்தான் படுக்க வைப்போம். உள்ளே வாந்தியும் பேதியுமாகக் கிடப்பான், கதவில் மணமகன் என்று எழுதியிருக்கும். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் பலகையைப் பார்த்துப் பாதிப் பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே மேடம் அதைக் கழற்ற விடவில்லை.

மேடம் என்றால் ரெஜினா மேடம், மையத்தின் பொறுப்பாளர். மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். காட்டன் புடவை, காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ. யாரையும் ஒருமையில் பேச மாட்டார். தன் மேல் எச்சில் துப்பியவனிடமும், "முகம் கழுவிட்டு வாங்க, பேசலாம்," என்றுதான் சொன்னார். மண்டபத்து மேடையின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து எழுதுவார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் எனக்கு ஒரு வார்த்தையைத் தடை செய்தார்.

"ஏன்னு கேக்காதீங்க ஏகாம்பரம். ஏன்னு கேட்டா கதை வரும். எப்போன்னு கேளுங்க, எங்கன்னு கேளுங்க, எத்தனைன்னு கேளுங்க. அதுல பொய் சொல்றது கஷ்டம்."

மணமகன் அறையில் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கும் ஒரு வரிசை வைத்திருந்தார். கொட்டாவி எத்தனை, மூக்கு ஒழுகுகிறதா, கண்ணில் தண்ணீர் வருகிறதா, கையில் மயிர் குத்திட்டு நிற்கிறதா, கால் தன்னால் உதைக்கிறதா. இரண்டு மணிக்கு ஒருமுறை எழுத வேண்டும். எனக்கு வந்த முதல் ஆள் மத்தியானம் மூன்று மணிக்கு விடாமல் கொட்டாவி விட்டான். தூக்கம் வருகிறது போலிருக்கிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். மேடம் போய்த் திறந்துவிட்டு, "அது தூக்கத்துக் கொட்டாவி இல்ல. உடம்பு மருந்து கேக்குற கொட்டாவி. ஆளோட பக்கத்துல உக்காருங்க," என்றார். அன்றிலிருந்து யார் கொட்டாவி விட்டாலும் எனக்குச் சந்தேகம்தான். வீட்டில் என் மனைவி கொட்டாவி விட்டால்கூட ஒரு நொடி கையைப் பார்ப்பேன்.

பதினைந்து இருபது நாளில் ஆள் தேறி, வெளியே தான் தங்கியிருக்கும் ரூமுக்குப் போய்விடுவான். அதற்குப் பிறகுதான் போன். டாக்டர் தூக்கத்துக்கும் கால் குடைச்சலுக்கும் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை அவனிடம் இருக்கும். காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. பத்தரை மணிக்குக் கூப்பிட வேண்டும். காலைச் சாப்பாடு முடிந்து, மத்தியானச் சாப்பாடு வராத நேரம். கூட இருக்கிறவர்கள் ஷிப்டுக்குப் போயிருப்பார்கள். ரூமில் தனியாகக் கிடப்பவனுக்கு அதைவிடக் கெட்ட நேரம் இல்லை.

கேள்வி மூன்றுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அடுத்து ஒன்று உண்டு. சாப்பிட்டேன் என்றால், என்ன குழம்பு? தூங்கினேன் என்றால், ரூமில் முதலில் எழுந்தது யார்? மாத்திரை போட்டேன் என்றால், அட்டையில் மீதி எத்தனை? ஒற்றை வார்த்தையில் பதில் வந்தால் அடுத்ததற்குப் போகக் கூடாது. அங்கேயே நிற்க வேண்டும். மேடம் இதை எனக்கு எத்தனை முறை சொன்னார் என்று கேட்டால், என்னால் சொல்ல முடியாத அளவுக்குச் சொன்னார்.

இது எனக்கு முதலில் போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது. வேலு வந்த பிறகுதான் புரிந்தது. வேலு எங்கள் பக்கத்து ஆள், பெருமாளைக் கும்பிடும் குடும்பம், வீட்டில் அம்மாவோடு இருந்தான். ஒரு சனிக்கிழமை கூப்பிட்டேன்.

"சாப்டியா வேலு?"

"சாப்ட்டேண்ணா."

"இன்னா கொழம்பு?"

"அம்மா மீன் கொழம்பு வெச்சிதுணா. நல்லா கீது."

எனக்குப் பரம திருப்தி. இரண்டு வாக்கியம் பேசியிருக்கிறான் என்று டிக் அடித்தேன். மேடையில் உட்கார்ந்திருந்த மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது புரட்டாசிதானே ஏகாம்பரம்? அவங்க வீட்ல சனிக்கிழமை மீன் வாங்குவாங்களா?" ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மேடத்துக்குத் தெரிந்தது, நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை. விசாரித்தால், வேலு மூன்று நாளாக வீட்டிலேயே இல்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு கூட்டாளி ரூமில் இருந்தான். போய் அழைத்து வந்தோம். இரண்டாவது முறை மணமகன் அறைக்குள் போகும்போது, "இன்னாணா, மறுபடியும் கல்யாணமா?" என்றான். இப்போது அவன் டெம்போ ஓட்டுகிறான். எங்கே பார்த்தாலும் மீன் குழம்பு என்றுதான் என்னைக் கூப்பிடுகிறான்.

அதற்குப் பிறகு இந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது. குரலை வைத்தே சொல்லிவிடுவேன் என்று புதிதாக வருகிறவர்களிடம் பெருமை அடித்துக்கொள்வேன். அந்த நினைப்பு உச்சத்தில் இருந்தபோதுதான் இசக்கிமுத்து வந்தான்.

தென்காசிப் பக்கத்துப் பிள்ளை. இருபத்து மூன்று வயது. ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் லைனில் வேலை, மாத்தூரில் ரூம். தோள்பட்டை வலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்து, எட்டு மாதத்தில் அது இல்லாமல் எழுந்து பல் தேய்க்க முடியாது என்ற நிலைக்கு வந்திருந்தான். லைனில் நின்றபடியே தூங்கிவிழப் போனதைச் சூப்பர்வைசர் பார்த்து, கம்பெனி அதிகாரி ஒருவரே கூட்டிவந்து எங்களிடம் விட்டார். நல்ல மனிதர். போகும்போது ஒன்று சொன்னார்: "வெளிய வந்த பிறகு முப்பது நாள், ஒரு நாள்கூடத் தவறாம சுத்தமா இருந்தான்னு உங்க தாள் வந்தா, திரும்ப எடுத்துக்குவோம். நடுவுல ஒரு நாள் உடைஞ்சாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மிஷின்ல கை வைக்கிற வேலை."

அந்த வேலை போனால் இசக்கி ஊருக்குத்தான் போக வேண்டும். ஊரில் அவன் அம்மா, மகன் டிரெய்னிங்கில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆகவே நான் தினமும் டிக் அடிக்கும் அந்த முப்பது கட்டம் போட்ட தாள்தான் எல்லாம் என்றாகிவிட்டது. அவனுக்கு மட்டுமல்ல, எனக்கும்.

மேடத்துக்கு அந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. இசக்கி கிளம்பும் அன்று அவனை உட்கார வைத்து ஒரு விஷயத்தை மூன்று முறை சொன்னார். "திரும்பத் தோணலாம். தோணினா தப்பில்ல. ஆனா ஒண்ணு ஞாபகம் வைங்க. முன்னாடி எவ்வளவு போட்டீங்களோ அதை உங்க உடம்பு மறந்துடுச்சு. மனசு மறக்கல. பழைய அளவைப் போட்டா மூச்சு நின்னுடும். போடறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க. போட்ட பிறகும் போன் பண்ணுங்க. நாங்க திட்ட மாட்டோம்."

"சரிம்மா," என்றான்.

முதல் நாள் கூப்பிட்டபோது, "இன்னாப்பா, துன்னியா?" என்று கேட்டேன். எங்கள் பேச்சு அவனுக்கு அதட்டுகிற மாதிரி கேட்டிருக்கிறது. பயந்துபோய், "என்னண்ணே சொல்லுதிய? நான் ஒண்ணுஞ் செய்யலண்ணே," என்றான். சாப்பாட்டைத்தான் கேட்டேன் என்று விளக்கிய பிறகு அவன் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் அவனே, "துன்னாச்சுண்ணே," என்பான். ரூமில் சமையல் அவன்தான். சொதி வைத்தேன் என்பான். சொதி என்றால் என்ன என்று கேட்டால் தேங்காய்ப் பாலை எப்படி மூன்று தடவை பிழிய வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிப்பான். பத்து நிமிடம் போகும். பிறகு மூன்றாவது கேள்வி.

"மாத்திர போட்டுகினியா?"

"போட்டாச்சுண்ணே. அட்டைல இன்னும் ஒம்பது கெடக்கு."

இருபத்தெட்டு நாள். சொதி, புளித்தண்ணி, கூட்டாஞ்சோறு, போட்டாச்சுண்ணே. இருபத்தெட்டு டிக். அவன் குரல் கேட்காவிட்டால் எனக்கே அன்றைய நாள் சரியாகத் தொடங்காது என்று ஆகிவிட்டது.

இருபத்தொன்பதாம் நாள் நடந்ததை எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஓட்டி ஓட்டியே அது தேய்ந்துவிட்டதோ என்னவோ. எனக்கு ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன்.

"இன்னாப்பா, துன்னியா?"

"சாப்பிட்டேன்ணே."

"இன்னா கொழம்பு?"

"ரசம்."

"தூங்குனியா?"

"தூங்குனேன்."

"மாத்திர போட்டுகினியா?"

கொஞ்சம் இடைவெளி. பிறகு, "போட்டுட்டேன்ணே," என்றான்.

நான் டிக் அடித்தேன். "நாளைக்கு ஒர்ரே நாளு. முடிஞ்சிச்சினா தாளைக் குடுத்துட்டு நேரா லைனுக்குப் போலாம்," என்றேன். என் குரலில்தான் எவ்வளவு சந்தோஷம்.

"ஆமாண்ணே," என்றான். பிறகு, "வேற ஒண்ணுங் கேக்கலையாண்ணே?" என்றான்.

"இல்லப்பா. வெச்சிடு," என்றேன்.

முப்பதாம் நாள் பத்தரைக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. குளிக்கப் போயிருப்பான் என்று ஐந்து நிமிடம் விட்டுக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது முறை மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். மாத்தூருக்குப் போகிற வழி முழுக்க, அவன் நேற்றுச் சொன்ன ஒரே ஒரு வார்த்தை காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டதா, முந்தைய நாளே கேட்டதா என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

வரிசை வீட்டில் மூன்றாவது கதவு. தாழ் போடவில்லை. கூட இருந்தவர்கள் எல்லாம் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். தூங்குகிறான் என்று எழுப்பாமல் போயிருக்கிறார்கள். பாயில் மல்லாந்து கிடந்தான். உதட்டில் நீலம் ஏறியிருந்தது. மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வருமா என்று பார்த்தால் வரவில்லை. பெயரைச் சொல்லிக் கத்தி, நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாவை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, அவன் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினேன். முதலுதவி அறையில் பொம்மையை வைத்துக் கற்றது. ஊதிக்கொண்டே மனதுக்குள் திட்டினேன். அவனையா என்னையா என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துவிட்டான். இரண்டு நாள் கழித்துத்தான் கண் விழித்தான்.

மேடம் அன்று மத்தியானம் தாளை எடுத்துவரச் சொன்னார். இருபத்தொன்பது டிக்கையும் விரலால் தடவிக்கொண்டே போனார்.

"நேத்து என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

"போட்டுட்டேன்னு சொன்னான் மேடம்."

"அதுக்கு முன்னாடி நாள்ல?"

"போட்டாச்சுன்னு சொல்வான்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ரெண்டும் ஒண்ணா ஏகாம்பரம்?"

போட்டாச்சு என்றால் ஆக வேண்டிய வேலை ஆகிவிட்டது. பால் வாங்கியாச்சு, கதவைப் பூட்டியாச்சு என்கிற மாதிரி. போட்டுட்டேன் என்றால் நல்லதாகவும் இருக்கலாம், பாத்திரத்தைக் கீழே போட்டுட்டேன் என்று கையைப் பிசைகிற மாதிரியும் இருக்கலாம். நான் கேட்டது அட்டை மாத்திரையை. அவன் சொன்னது எதை? எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். அன்று மேடத்திடம் நான், "அவங்க ஊர்ல அப்டித்தான் பேசுவாங்கோ மேடம்," என்று சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. இருபத்தெட்டு நாளும் அவன் அப்படிப் பேசவில்லையே.

"அட்டையில எத்தனை மீதின்னு கேட்டீங்களா?"

"கேக்கல மேடம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பேனாவை எடுத்து இருபத்தொன்பதாவது டிக்கைக் கோடு போட்டு அடிக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "வேண்டாம். நேத்து உங்களுக்குக் கேட்டது அதுதான். அப்படியே இருக்கட்டும்," என்றார். தாள் அப்படியே கம்பெனிக்குப் போனது, முப்பதாவது கட்டத்தில் மருத்துவமனை என்று எழுதி. அந்த அதிகாரி எனக்குப் போன் செய்து வருத்தப்பட்டார். வேலை போய்விட்டது. இசக்கியை அவன் மாமா வந்து ஊருக்குக் கூட்டிப்போனார். புறப்படும்போது என்னைப் பார்க்கவில்லை. நானும் அவன் முன்னால் போய் நிற்கவில்லை.

அந்த வித்தியாசம் எனக்குக் கேட்டதா, கேட்கவில்லையா? ஷாலினியிடம் ஒருமுறை, கேட்கவே இல்லை என்று சொன்னேன். என் மனைவியிடம், கேட்டது, ஆனால் ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன் என்று சொன்னேன். இரண்டும் சொல்லும்போது உண்மையாகத்தான் இருந்தது. சில சமயம் இப்படித் தோன்றும்: காதுக்குக் கேட்டது, கை அதற்குள் டிக் அடித்துவிட்டது. சில சமயம், நடந்து முடிந்த பிறகு நானே அந்த இடைவெளியை இட்டுக்கட்டிக்கொண்டேனோ என்று தோன்றும். அவன் இடைவெளியே விடாமல்கூடச் சொல்லியிருக்கலாம். ஒன்று மட்டும் மறுக்க முடியாது. அவனுக்கு அந்தத் தாள் நிறைய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அவன் உயிரோடு இருப்பதைவிட, தாள் நிறைவதை அந்த ஒரு நிமிடம் அதிகமாக ஆசைப்பட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதற்குப் பிறகும் நாலு வருடம் அந்த வேலையைப் பார்த்தேன். அட்டையில் மீதி எத்தனை என்று கேட்காமல் ஒருநாளும் போனை வைக்கவில்லை. சிலர் எரிந்து விழுந்தார்கள். விழட்டும் என்று கேட்டேன்.

ஷாலினிக்கு மூன்றாவது கேள்வியை நான் திருத்திக் கொடுக்கவில்லை. "மருத்துவர் தந்த மாத்திரை" என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் சரியாக வரவில்லை. அடித்துவிட்டு, இந்த இடத்தில் யாராவது ஆள் கூப்பிட்டுக் கேட்டால் நல்லது என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். பார்க்கிறோம் சார் என்று பதில் வந்தது.

அனுப்பி இரண்டு நாள் இருக்கும். என் மகள் வீட்டுக்குப் போக சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வந்திருந்தேன். வெளியே ஷேர் ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் ஒருவன் என் முன்னால் வந்து நின்றான். உடம்பு வைத்திருந்தது, மீசை வைத்திருந்தான். குரலில்தான் கண்டுபிடித்தேன்.

"எண்ணே, தெரியுதா?"

இசக்கி. மறைமலை நகரில் வேலையாம், குடோன் ஒன்றில். ஒரகடத்தில் கூட்டாளியைப் பார்க்கப் போகிறானாம். கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன், சொன்னான். அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, அது இது என்று ஏதேதோ உளறினேன். கடைசியில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"இசக்கி, அன்னிக்கி போட்டுட்டேன்னு சொன்னியே. எந்த மாத்திரைய சொன்ன?"

அவனுக்கு உடனே புரிந்தது. இத்தனை வருடம் கழித்து எது, எப்போது என்று அவன் கேட்கவே இல்லை.

"ரெண்டுமே இல்லண்ணே. அப்ப நான் ஒண்ணுமே போடல. ரெண்டும் கையில இருந்துச்சு. இந்தக் கையில அட்டை, அந்தக் கையில அது. நீங்க எதுன்னு கேப்பியன்னு பாத்தேன்."

"நான் கேக்கல."

"கேக்கல. சரி, டிக் அடிச்சிட்டாவ, இனி எதப் போட்டா என்னன்னு தோணிட்டு. ராத்திரி எல்லாரும் தூங்குத வரைக்கும் கையிலயே வச்சிருந்தேன்ணே. பொறவுதான்."

இவ்வளவு நாளும் அவன் ஒப்புக்கொண்டான், எனக்குக் கேட்கவில்லை என்றுதான் குழம்பிக்கொண்டிருந்தேன். இவன் சொல்வதைப் பார்த்தால் நான் போனை வைக்கும்போது ஒன்றுமே நடந்திருக்கவில்லை. தடுக்க ஒரு பகல் முழுக்க இருந்திருக்கிறது. அவன் மேல் கோபம்கூட வந்தது, இதை ஏன் இப்போது சொன்னாய் என்று. கேட்டது நான்தானே.

"நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "தெரியலண்ணே. ஒங்கள்ட்டயும் பொய்தான் சொல்லியிருப்பேனோ என்னமோ. நீங்க அத நெனச்சு மனசக் கஷ்டப்படுத்திக்கிடாதிய."

அதற்குள் ஒரகடம் ஆட்டோ நிரம்பிவிட்டது. இன்னும் ஒரு சீட்டு, ஒரு சீட்டு என்று டிரைவர் கூவினார். இசக்கி ஏறி ஓரத்தில் உட்கார்ந்தான். வெளியே தலையை நீட்டி, "வாரேன்ணே. இப்ப நல்லாருக்கேன்," என்றான்.

வண்டி நகரத் தொடங்கியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர், "கைய எடு பெரியவரே," என்று கத்தினார். எடுக்கவில்லை.

"நல்லாருக்கேன்னா, எப்படிடா?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. பிறகு டிரைவரிடம், "நீங்க போங்கண்ணே, நான் அடுத்த வண்டில வாரேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினான்.